மனத்தை அளக்கும் வினாநிரல்

நுழையும்முன்

உடலில் காய்ச்சல் இருப்பதை வெப்பமானி காட்டும். குருதியில் சர்க்கரை மிகுந்திருப்பதை ஆய்வகச் சோதனை காட்டும். திறன்பேசியைக் கீழே வைக்க நினைத்தும் வைக்க இயலாமல், விடியும்வரை விழித்திருக்கும் ஒருவரின் மனநிலையைக் காட்டும் கருவி எது? குருதியிலோ கதிர்ப்படத்திலோ அதற்கான விடை கிடைப்பதில்லை. ஆகவே, உளவியலாளர்கள் வினாக்களையே கருவியாக்கினர். அவ்வினாக்கள் எவ்வாறு பிறந்தன, அவை தரும் மதிப்பெண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

பகடியில் பிறந்த பெயர்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம், மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டின் நான்காம் பதிப்பை 1994ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறிகள் சிலவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுள் இத்தனை இருந்தால் இந்நோய் என்று வரையறுப்பது அக்கையேட்டின் முறை. மனிதரின் துன்பத்தை இவ்வாறு எண்ணிக்கையில் அடக்கும் போக்கை நியூயார்க் நகர மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பெர்க் நகைச்சுவையுடன் நோக்கினார். 1995இல் அக்கையேட்டின் நடையை அப்படியே பின்பற்றி, 'இணைய அடிமைத்தன நோய்' என்னும் இல்லாத நோய் ஒன்றுக்கு அறிகுறிப் பட்டியல் எழுதி இணையத்தில் வெளியிட்டார். இணையத்தைப் பற்றிக் கனவு காணுதல், தட்டச்சு செய்வதுபோல் விரல்கள் அசைதல் முதலியன அப்பட்டியலில் இடம்பெற்றன. அது முழுமையான பகடி.

பகடியைப் படித்தவர்கள் சிரித்திருக்க வேண்டும். அவர்களுள் சிலரோ, அந்நோய் தமக்கும் இருப்பதாகக் கோல்ட்பெர்க்குக்கு எழுதினர். எள்ளலுக்காக எழுதப்பட்ட பட்டியலில் தம் வாழ்க்கையைக் கண்டவர்கள் இருந்தனர். இந்நிகழ்வு இரண்டு உண்மைகளை ஒருங்கே உணர்த்துகிறது. இணையத்தால் உண்மையாகவே அல்லலுற்றவர்கள் அன்றே இருந்தனர் என்பது ஒன்று. அறிகுறிப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தால், அதில் தம்மைப் பொருத்திப் பார்ப்பது மனித இயல்பு என்பது மற்றொன்று. இணைய அடிமைத்தனத்தை அளக்கும் முயற்சிகள் அனைத்தும் இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையே நடந்து வந்துள்ளன.

எட்டு வினாக்கள்

பகடியாகத் தோன்றிய கருத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர், அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பிராட்ஃபோர்டு வளாகத்தில் பணியாற்றிய அவர், 1996ஆம் ஆண்டு டொரான்டோவில் நடைபெற்ற அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாட்டில் தம் ஆய்வை முன்வைத்தார். அவ்வாய்வின் அடிப்படை, எட்டு வினாக்கள் கொண்ட ஒரு வினாநிரல்.

அவ்வினாக்களை யங் புதிதாகப் படைக்கவில்லை. கையேட்டில் சூதாட்ட நோய்க்குக் கூறப்பட்டிருந்த அறிகுறிகளைத் தழுவி அமைத்தார். மது, போதைப்பொருள் போன்றவை உடலுக்குள் சென்று மயக்கம் விளைவிப்பவை. சூதாட்டத்திலோ உடலுக்குள் எப்பொருளும் செல்வதில்லை; ஆயினும், மனம் கட்டுப்பாட்டை இழக்கிறது. இணையமும் அத்தகையதே என்பதால் சூதாட்ட நோயின் அளவுகோலே பொருத்தமானது என்று அவர் கருதினார்.

இணையத்தைப் பற்றிய நினைவே எப்போதும் மனத்தை நிறைத்திருத்தல், நிறைவு பெறுவதற்காகப் பயன்பாட்டு நேரத்தைக் கூட்டிக்கொண்டே செல்லுதல், குறைக்க முயன்று பலமுறை தோற்றல், குறைக்கும்போது அமைதியின்மையும் எரிச்சலும் கொள்ளுதல், எண்ணியதைவிட நெடுநேரம் தங்கிவிடுதல் ஆகிய ஐந்தும் முதல் ஐந்து வினாக்களின் பொருள். உறவு, கல்வி, பணி ஆகியவற்றை இழக்கும் நிலைக்கு ஆளாதல், பயன்பாட்டின் அளவைக் குடும்பத்தாரிடம் மறைத்துப் பொய் சொல்லுதல், துன்பத்திலிருந்து தப்புவதற்கு இணையத்தை நாடுதல் ஆகிய மூன்றும் எஞ்சிய வினாக்களின் பொருள். இவ்வெட்டனுள் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வினாக்களுக்கு 'ஆம்' என விடையளித்தவர் இணையத்தைச் சார்ந்திருப்பவர் எனக் கொள்ளப்பட்டார்.

யங்கின் ஆய்வில் 396 பேர் சார்ந்திருப்பவர்களாகவும் 100 பேர் சாராதவர்களாகவும் வகைப்படுத்தப்பட்டனர். பணிக்கும் படிப்பிற்கும் தேவைப்படாத பயன்பாடு, முதல் பிரிவினருக்கு வாரத்திற்குச் சராசரியாக 38.5 மணி நேரம். இரண்டாம் பிரிவினருக்கு 4.9 மணி நேரம். ஒரு முழுநேரப் பணிக்குரிய காலத்தை முதல் பிரிவினர் இணையத்தில் கழித்துள்ளனர். இவ்வேறுபாடு உலகின் கவனத்தை ஈர்த்தது.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அப்பதம் செல்லும். யங்கின் ஆய்வில் பங்கேற்றவர்கள், விளம்பரங்களையும் இணையக் குழுக்களில் வெளியான அழைப்புகளையும் கண்டு தாமே முன்வந்தவர்கள். இணையப் பயன்பாடு தமக்குச் சிக்கலாயிற்று என்று உணர்ந்தவர்களே அத்தகைய அழைப்புக்கு மிகுதியாக விடையளிப்பர். எனவே, 496 பேரில் 396 பேர் என்னும் விகிதத்தைக் கொண்டு, மக்கள் தொகையில் எத்தனை பேருக்கு இச்சிக்கல் உள்ளது என்று கணக்கிட இயலாது. சிக்கல் எப்படிப்பட்டது என்பதை அவ்வாய்வு காட்டியது. எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் காட்டவில்லை.

எல்லைக்கோடு எங்கே?

எட்டில் ஐந்து என்னும் எல்லை எவ்வாறு வந்தது? சூதாட்ட நோய்க்குக் கையேடு கூறிய அறிகுறிகள் பத்து. அவற்றுள் ஐந்து இருந்தால் நோய் எனக் கொள்ளப்பட்டது. அந்த ஐந்தை யங் தம் வினாநிரலுக்கும் எடுத்துக்கொண்டார். பத்தில் ஐந்தைவிட எட்டில் ஐந்து கடுமையான அளவு என்பது அவர் கருத்து. எனினும், அது வேறொரு நோயிடமிருந்து பெற்ற எல்லைக்கோடு.

2001ஆம் ஆண்டில் கீத் பியர்டு, ஈவ் உல்ஃப் ஆகிய இருவரும் இவ்வெல்லையை மறுஆய்வு செய்தனர். முதல் ஐந்து வினாக்கள் ஒருவர் இணையத்தில் எவ்வளவு ஆழ்ந்துள்ளார் என்பதைக் கேட்பவை. தேர்வுக்குப் படிப்பவரோ புதிய கலை ஒன்றைப் பயில்பவரோ தம் ஈடுபாட்டைப் பற்றி அவ்வாறே விடையளிக்கக்கூடும். இறுதி மூன்று வினாக்களே வாழ்க்கைக்கு நேர்ந்த கேட்டையும் இடர்களை எதிர்கொள்ளும் ஆற்றல் குறைந்ததையும் கேட்பவை. ஆகவே, முதல் ஐந்தும் தவறாமல் இருக்க வேண்டும். அவற்றுடன் இறுதி மூன்றனுள் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்று அவர்கள் விதியை மாற்றினர்.

இம்மாற்றத்தின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒருவர் முதல் இரண்டு வினாக்களுக்கும் இறுதி மூன்று வினாக்களுக்கும் 'ஆம்' என்கிறார். மொத்தம் ஐந்து 'ஆம்'. யங்கின் விதிப்படி அவர் இணையத்தைச் சார்ந்திருப்பவர். பியர்டு, உல்ஃப் விதிப்படி அவர் அப்பிரிவில் சேரார். ஒரே மனிதர், ஒரே விடைகள். எல்லைக்கோடு மாறியதும் அவர் பெறும் பெயர் மாறிவிடுகிறது. பெயரைச் சூட்டியது நோயன்று, விதி.

இருபது வினாக்களும் இருபத்தாறு வினாக்களும்

'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டு விடைகளுக்குள் மனநிலை அடங்குவதில்லை. இதனை உணர்ந்த யங், 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இருபது வினாக்கள் கொண்ட இணைய அடிமைத்தனச் சோதனையை அமைத்தார். ஒவ்வொரு வினாவுக்கும் 'அரிதாக' என்பது முதல் 'எப்போதும்' என்பது வரை ஐந்து நிலைகள். அவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்கள். மொத்த மதிப்பெண் குறைந்தது 20, மிகுந்தது 100. 20 முதல் 49 வரை பெறுபவர் இயல்பான பயனர்; 50 முதல் 79 வரை பெறுபவர் அவ்வப்போது சிக்கலுக்கு உள்ளாபவர்; 80 அல்லது அதற்கு மேல் பெறுபவரின் வாழ்வில் இணையம் பெருஞ்சிக்கல்களை விளைவிக்கிறது என்று அவர் வகுத்தார். உலகின் பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, இத்துறையில் மிகுதியாகப் பயன்படும் வினாநிரல்களுள் ஒன்றாக அது விளங்குகிறது.

2004ஆம் ஆண்டில் லாரா விட்யன்டோ, மேரி மெக்மரன் ஆகியோர் இவ்வினாநிரலை 86 பேரிடம் சோதித்து, இருபது வினாக்களுக்கும் அடியில் ஆறு கூறுகள் இருப்பதாகக் கண்டனர். இணையமே வாழ்வின் மையமாதல், மிகைப்பயன்பாடு, பணியைப் புறக்கணித்தல், அடுத்து எப்போது இணையத்தில் நுழையலாம் என ஏங்குதல், கட்டுப்பாடின்மை, சமூக வாழ்வைப் புறக்கணித்தல் என்பன அவை. 60 மதிப்பெண் பெற்ற இருவருள் ஒருவர் கட்டுப்பாடின்மையால் அதனைப் பெற்றிருக்கலாம்; மற்றவர் பணியைப் புறக்கணித்ததால் பெற்றிருக்கலாம். கூட்டுத்தொகை ஒன்றாயினும் அவர்களுக்குத் தேவைப்படும் உதவி வேறுவேறு.

2003ஆம் ஆண்டில் தைவானில் சென் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இருபத்தாறு வினாக்கள் கொண்ட மற்றொரு வினாநிரலை உருவாக்கினர். அதில் பெறக்கூடிய மதிப்பெண் 26 முதல் 104 வரை. 2005ஆம் ஆண்டில் தைவான் ஆய்வாளர்கள், மாணவர்களின் மதிப்பெண்களை மனநல மருத்துவர்கள் நேர்காணலில் கண்ட முடிவுகளோடு ஒப்பிட்டு, ஒன்றுக்கு இரண்டாக எல்லைக்கோடுகளை வகுத்தனர். 58 அல்லது அதற்கு மேல் பெற்றவர் மேலாய்வுக்கு உரியவர். 64 அல்லது அதற்கு மேல் பெற்றவருக்குச் சிக்கல் இருக்கும் வாய்ப்பு மிகுதி. சிக்கல் உள்ள எவரையும் தவறவிடாதிருக்க வேண்டுமானால் எல்லையைத் தாழ்த்த வேண்டும். சிக்கல் இல்லாதவருக்குப் பெயர் சூட்டாதிருக்க வேண்டுமானால் எல்லையை உயர்த்த வேண்டும். இரண்டையும் ஒரே கோட்டால் நிறைவேற்ற இயலாது என்பதை இவ்விரட்டை எல்லை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது.

தெரிந்து தெளிவோம்

இங்குக் கூறப்படும் வினாநிரல்கள் முதற்கட்டச் சோதனைக்கு உரியவை. முதற்கட்டச் சோதனை என்பது பெருந்திரளான மக்களிடமிருந்து, மேலும் ஆராயத்தக்கவர்களைப் பிரித்தெடுப்பது. நோயறிதல் என்பது பயிற்சி பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ நேரில் உசாவி ஒரு முடிவுக்கு வருவது. முன்னதன் முடிவு 'மேலும் பார்க்க வேண்டும்' என்பது மட்டுமே.

சல்லடையின் கணக்கு

முதற்கட்டச் சோதனையைச் சல்லடைக்கு ஒப்பிடலாம். மாவைச் சலிக்கும்போது சல்லடையில் தங்குவது அனைத்தும் தவிடு அன்று. நல்ல மாவும் கட்டியாகித் தங்கும். கீழே விழுவது அனைத்தும் நல்ல மாவும் அன்று; நுண்ணிய தவிடு உடன் விழும். சல்லடையில் தங்கியதைக் கையால் அளைந்து பார்த்த பின்பே எறிவதும் சேர்ப்பதும் முடிவாகும்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். கணக்கு கற்பனையே, அதில் அமைந்த முறை உண்மையானது. ஒரு பள்ளியில் 1000 மாணவர்கள் பயில்கின்றனர். அவர்களுள் 50 பேருக்கு இணையத்தால் உண்மையான சிக்கல் உள்ளது எனக் கொள்வோம். அங்குப் பயன்படுத்தப்படும் வினாநிரல் மிகவும் திறன் வாய்ந்தது. சிக்கல் உள்ளவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். சிக்கல் இல்லாதவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விடுவிக்கும்.

சிக்கல் உள்ள 50 பேரில் 45 பேரை வினாநிரல் கண்டுபிடிக்கிறது. 5 பேரைத் தவறவிடுகிறது. சிக்கல் இல்லாத 950 பேரில் 855 பேரை விடுவிக்கிறது. எஞ்சிய 95 பேரையும் சிக்கல் உள்ளவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. ஆகப் பட்டியலில் இடம்பெற்றோர் 45 உடன் 95 சேர்ந்து 140 பேர். அவர்களுள் உண்மையான சிக்கல் உள்ளவர்கள் 45 பேர் மட்டுமே; அதாவது, மூவரில் ஒருவர்கூட இல்லை. அப்பட்டியலைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், ஒரு தவறும் இல்லாத 95 பிள்ளைகள் 'அடிமைகள்' என்னும் பெயரைச் சுமப்பர்.

அதே வினாநிரலை ஒரு மனநல மருத்துவமனையில் பயன்படுத்துவதாகக் கொள்வோம். தாமே உதவி நாடி வந்த 1000 பேரில் பாதிப் பேருக்குச் சிக்கல் உள்ளது. 500 பேரில் 450 பேர் கண்டறியப்படுவர். சிக்கல் இல்லாத 500 பேரில் 50 பேர் தவறாகச் சேர்க்கப்படுவர். பட்டியலில் உள்ள 500 பேரில் 450 பேர், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு பேர், உண்மையாகவே சிக்கல் உள்ளவர்கள். கருவி மாறவில்லை, அதன் பிழையின் அளவும் மாறவில்லை. பயன்படுத்தப்பட்ட இடம் மாறியதால் முடிவின் பொருள் மாறியது. மருத்துவமனையில் நம்பத்தக்க மதிப்பெண், பள்ளியில் அதே அளவு நம்பத்தக்கது அன்று. இதனை அறியாமல் மதிப்பெண்ணை மட்டும் நோக்குவோர், நல்ல கருவியைக் கொண்டே தீங்கு செய்துவிடக்கூடும்.

நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும்

அளவுகோல் ஒன்றின் தரத்தை உளவியல் இரு வழிகளில் ஆராய்கிறது. ஒன்று நம்பகத்தன்மை; மற்றொன்று ஏற்புடைமை. ஒரே நிலையை மீண்டும் மீண்டும் அளந்தால் ஒரே விடை கிடைப்பது நம்பகத்தன்மை. எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதையே அளப்பது ஏற்புடைமை. முள் ஒரு கிலோ தள்ளி நிற்கும் தராசு, எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடையைக் காட்டும். அதற்கு நம்பகத்தன்மை உண்டு; எனினும் அது காட்டும் எடை தவறானது.

ஏற்புடைமை இல்லாத வினாநிரல் எங்குக் கொண்டுசேர்க்கும் என்பதைப் பிரிட்டன் உளவியலாளர்கள் சிலர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். சமூக ஊடக அடிமைத்தனத்தை அளக்கும் வினாநிரல்களின் அமைப்பைப் பின்பற்றி, நண்பர்களோடு நேரில் பழகுவதைப் பற்றி அவர்கள் வினாக்களை எழுதினர். நண்பர்களைப் பற்றி அடிக்கடி நினைத்தல், அவர்களைக் காண இயலாதபோது வருந்துதல், துன்பம் வந்தால் அவர்களை நாடுதல் போன்றவை நோயின் அறிகுறிகளாகக் கொள்ளப்பட்டன. விடையளித்த 807 பேரில் 69 விழுக்காட்டினர் நட்புக்கு 'அடிமைகள்' என்று அவ்வினாநிரல் முடிவு கூறியது.

நட்பை நோயென்று நிறுவுவது அவர்கள் நோக்கமன்று. ஓர் ஈடுபாட்டின் பெயரை எடுத்துவிட்டு மற்றோர் ஈடுபாட்டின் பெயரை இட்டாலும் அதே வகையான மதிப்பெண் கிடைக்குமானால், அக்கருவி அளப்பது நோயையா, ஈடுபாட்டையா என்னும் வினாவை அவர்கள் எழுப்பினர். நகைச்சுவையோடு தொடங்கிய கோல்ட்பெர்க்கின் கேள்வியும் இதுவே.

காலமும் மொழியும்

எட்டு வினாக்கள் எழுதப்பட்ட காலத்தில் இணையம் என்பது மேசைக் கணினியின் முன் அமர்ந்து, தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்புப் பெற்று நுழையும் ஓர் இடமாக இருந்தது. நுழைவதும் வெளியேறுவதும் தெளிவான செயல்கள். இன்று பாடம், வங்கிப் பணி, பயணச்சீட்டு, உறவினரோடு உரையாடல் ஆகிய அனைத்தும் ஒரே திறன்பேசிக்குள் உள்ளன. 'இணையத்தில் எத்தனை மணி நேரம் கழித்தீர்கள்' என்னும் வினாவே தெளிவற்றதாகிவிட்டது. மேலும், தம் பயன்பாட்டு நேரத்தை மக்கள் சரியாக நினைவில் கொள்வதும் இல்லை. தாமே சொல்லும் நேரத்தையும் கருவி பதிவு செய்த நேரத்தையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஆய்வு, இரண்டுக்கும் இடையே மிதமான தொடர்பே இருப்பதாகக் கண்டது.

மொழியும் ஒரு தடையாகிறது. யங்கின் இருபது வினாக்களுக்குரிய ஐந்து நிலைகளுள் மூன்றாவது 'ஃப்ரீக்வென்ட்லி', நான்காவது 'ஆஃபன்'. தமிழில் இரண்டுக்கும் 'அடிக்கடி' என்பதே இயல்பாக வரும் சொல். மொழிபெயர்ப்பாளர் ஒன்றை 'அடிக்கடி' என்றும் மற்றொன்றை 'பெரும்பாலும்' என்றும் பிரிக்கும்போது, மூலத்தில் இல்லாத ஓர் இடைவெளி தமிழில் தோன்றிவிடலாம். ஒவ்வொரு வினாவிலும் ஒரு மதிப்பெண் நகர்ந்தால், இருபது வினாக்களில் இருபது மதிப்பெண் நகரும். 49க்கும் 50க்கும் இடையே ஒருவரின் பெயரே மாறும்போது, இருபது மதிப்பெண் சிறிய அளவன்று. இதனால்தான், பெயர்க்கப்பட்ட வினாநிரலை மூலத்தைக் காணாத மற்றொருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடும் முறையை ஆய்வாளர்கள் பின்பற்றுகின்றனர். அதன் பின்னும், அந்தந்த மக்களிடம் சோதித்து எல்லைக்கோட்டைப் புதிதாக வகுக்க வேண்டும்.

விடையளிப்பவரின் மனநிலையும் கருதத்தக்கது. பயன்பாட்டைக் குடும்பத்தாரிடம் மறைத்துப் பொய் சொன்னதுண்டா என்பது ஒரு வினா. பெற்றோரிடமே மறைத்த ஒருவர், ஆசிரியர் திரட்டும் தாளில் உண்மையை எழுதுவார் என்பதற்கு உறுதி இல்லை. விடைத்தாளை யார் பார்ப்பார், அதனால் என்ன நேரும் என்னும் அச்சம் நீங்கினால்தான் உண்மை வெளிவரும்.

மருத்துவ உலகின் நிலைப்பாடு

2013ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இணைய அடிமைத்தனம் என்னும் பொதுவான நோயை ஏற்கவில்லை. இணைய விளையாட்டுக் கோளாறு என்பதை மட்டும், மேலும் ஆராயப்பட வேண்டிய நிலைகளின் பட்டியலில் சேர்த்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2019ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறு ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது.

அதன் வரையறை மணிக்கணக்கைப் பேசவில்லை. விளையாட்டின்மீது கட்டுப்பாட்டை இழத்தல், வாழ்வின் பிற ஈடுபாடுகளையும் அன்றாடக் கடமைகளையும்விட விளையாட்டுக்கு முதலிடம் தருதல், கேடு விளைந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றையும் அது கூறுகிறது. இவற்றால் குடும்பம், கல்வி, பணி, சமூக வாழ்வு ஆகியன பெரிதும் சிதைந்திருக்க வேண்டும். இந்நிலை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களேனும் நீடித்திருக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. நாள்தோறும் நெடுநேரம் விளையாடியும் நன்கு உறங்கி, படித்து, நண்பர்களோடு மகிழ்ந்திருப்பவர் இவ்வரையறைக்குள் வாரார். குறைந்த நேரமே விளையாடியும், அதற்காகத் தேர்வையும் உணவையும் உறவையும் மாதக்கணக்கில் கைவிட்டவரின் நிலை கவலைக்குரியது.

பெங்களூரில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனம், தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்துவதற்கான தனிச் சிகிச்சைப் பிரிவை 2014ஆம் ஆண்டில் தொடங்கியது. இத்தகைய இடங்களில் வினாநிரல் உரையாடலின் தொடக்கம் மட்டுமே. உறக்கம் எவ்வாறு உள்ளது, பள்ளியில் என்ன நேர்ந்தது, வீட்டில் அமைதி உண்டா, இணையத்தில் நுழைவதற்கு முன்பே மனச்சோர்வு இருந்ததா என்பவை நேரில் கேட்டறிய வேண்டியவை. மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவு போன்றவை முதலில் தோன்றி, அவற்றிலிருந்து தப்பும் வழியாக ஒருவர் இணையத்தை நாடியிருக்கலாம். அத்தகையவரிடமிருந்து திறன்பேசியைப் பறித்தால், அவருடைய ஒரே ஊன்றுகோல் பறிக்கப்படுமே தவிர, நோய் நீங்காது. எது முதலில் வந்தது என்பதை எந்த மதிப்பெண்ணும் சொல்வதில்லை.

மதிப்பெண்ணுக்குப் பின்

இவ்வளவு குறைகள் உள்ளமையால் வினாநிரலே வேண்டா என்று கூறலாகாது. தம் நிலையைச் சொற்களில் எடுத்துரைக்க இயலாத இளையோர், அச்சிட்ட வினாவில் தம் துன்பத்தைக் கண்டு 'இது எனக்கும் உண்டு' என்று உணர்கின்றனர். குறைக்க முயன்று தோற்றது தம் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த இழிவன்று என்பதை அறிகின்றனர். கேட்கத் தயங்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரையாடலைத் தொடங்க ஒரு வழி கிடைக்கிறது. சிகிச்சையின் முன்னும் பின்னும் அளந்து பார்த்து, ஒருவர் தேறிவருவதை மருத்துவர் அறிகிறார். இவை சிறிய பயன்கள் அல்ல.

தீங்கு விளைவது, சல்லடையைத் தீர்ப்பாக்கும்போதுதான். மிகுந்த மதிப்பெண் பெற்ற மாணவரை வகுப்பின் முன் நிறுத்துவதும், குறைந்த மதிப்பெண் பெற்றார் என்பதற்காக உறக்கமின்றி வாடும் மாணவரைக் கவனியாது விடுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். முன்னவர் செய்யாத குற்றத்துக்குப் பெயர் சுமக்கிறார். பின்னவர் பெறவேண்டிய உதவியை இழக்கிறார். மதிப்பெண் மிகுந்தாலும் குறைந்தாலும், 'உனக்கு என்ன ஆயிற்று?' என்று அன்போடு கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்கும் ஒருவர் தேவைப்படுகிறார். அவ்வாறு கேட்பவர் நண்பராக இருக்கலாம். தாயாகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். பயிற்சி பெற்றவரின் துணை தேவைப்பட்டால், நடுவணரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவை கட்டணமின்றி மனநல ஆலோசனை வழங்குகிறது.

கற்பவை கற்றபின்…

1. செய்தித்தாள்களில் வெளிவரும் 'இத்தனை விழுக்காடு மாணவர்கள் இணையத்துக்கு அடிமை' என்பது போன்ற செய்தி ஒன்றைத் தெரிவு செய்க. யாரிடம் கேட்கப்பட்டது, எவ்வினாநிரல் பயன்பட்டது, எல்லைக்கோடு எது என்னும் மூன்று வினாக்களுக்கும் அதில் விடை உள்ளதா எனக் குழுவாக ஆராய்க.

2. ஒரு நாளில் திறன்பேசியைப் பயன்படுத்திய நேரத்தை முதலில் ஊகித்து எழுதுக. பின்னர்க் கருவியில் பதிவான நேரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

3. 'சில நேரங்களில்', 'அவ்வப்போது', 'அடிக்கடி', 'பெரும்பாலும்' ஆகிய சொற்கள் வாரத்தில் எத்தனை முறையைக் குறிக்கும் என வகுப்புத் தோழர் பத்துப் பேரிடம் தனித்தனியே கேட்டு, விடைகளை அட்டவணைப்படுத்துக.

மதிப்பீடு

குறுவினா

1. யங் தம் எட்டு வினாக்களைச் சூதாட்ட நோயின் அறிகுறிகளைத் தழுவி அமைத்ததற்குக் காரணம் யாது?

2. முதற்கட்டச் சோதனை, நோயறிதல் – வேறுபடுத்துக.

சிறுவினா

1. நம்பகத்தன்மை இருந்தும் ஏற்புடைமை இல்லாத அளவுகோலை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. 2000 மாணவர்களுள் 40 பேருக்கு உண்மையான சிக்கல் உள்ளது. பாடத்தில் கூறப்பட்ட அதே திறன் வாய்ந்த வினாநிரலைப் பயன்படுத்தினால், பட்டியலில் இடம்பெறுவோர் எத்தனை பேர்? அவர்களுள் சிக்கல் உள்ளவர்கள் எத்தனை பேர்?

நெடுவினா

'மதிப்பெண் உரையாடலின் தொடக்கம். முடிவன்று' – இக்கூற்றை இணைய அடிமைத்தன வினாநிரல்களின் வரலாற்றைக் கொண்டு நிறுவுக.